யானைச் சண்டையும் மன அமைதியும்

படம் வரையக் கற்றுக்கொடுக்கிறவருக்குப் பள்ளிக்கூடத்தில் ஓர் அறை, ஓர் அலமாரி, தூரிகை கழுவ ஒரு குழாய் எல்லாம் உண்டு. படத்தைப் பார்க்கக் கற்றுக்கொடுக்கிறவருக்குச் சுவரில் ஓர் ஆணிகூடக் கிடையாது.

நான் இரண்டாவது வகை. தாம்பரம், மேடவாக்கம், திருமுடிவாக்கம் என்று மூன்று இடங்களில் கிளை வைத்திருக்கும் ஒரு பள்ளியில், சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குக் கலை ரசனை வகுப்பு எடுக்கிறேன். பழைய ஓவியம், சிற்பம், கோயில் தூண் என்று ஏதாவது ஒன்றின் படத்தை முன்னால் மாட்டிப் பார்க்கச் சொல்வேன். பார்த்ததைச் சொல்லச் சொல்வேன். அது எந்தக் காலத்தது, யார் யாருக்காகச் செய்தார்கள் என்று கொஞ்சம் கதை பேசுவேன். அவ்வளவுதான். வரைவது கிடையாது, வெட்டி ஒட்டுவது கிடையாது, மதிப்பெண் கிடையாது. பி.டி. பீரியட், லைப்ரரி பீரியட், நீதிபோதனை பீரியட் எல்லாம் எடுத்து நொந்துபோன சக ஜீவன்கள் யாராவது இதைப் படித்தால், இந்தக் 'கிடையாது'களைப் பார்த்ததுமே என் கதை பாதி புரிந்திருக்கும்.

சேரும்போதே கரஸ்பாண்டென்ட் சார் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் ஒருநாள் அவரே வந்து வகுப்பில் உட்காருவார். பிடித்திருந்தால் பீரியட் இருக்கும். பிடிக்காவிட்டால் ஜனவரியிலிருந்து அது ரோபோடிக்ஸ் கம்பெனிக்காரர்களுக்கு. நானோ அதற்கு முன் பல வருடம் பல்லாவரத்தில் ஒரு கடையில் வால்பேப்பர் கேட்டலாக் புரட்டிக் காட்டிக்கொண்டிருந்தவள். கலை வரலாறு படித்தவளுக்குச் சுவர் சம்பந்தமாகக் கிடைத்த ஒரே வேலை அது. மறுபடி அங்கே போய் நிற்பதை நினைத்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது. சும்மாவே எனக்கு இருப்புக் கொள்ளாது என்பது வேறு விஷயம். பிள்ளைகளிடம் "ரெண்டு நிமிஷம் அசையாம படத்தைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, ஜன்னலுக்கும் கதவுக்கும் நடையாய் நடப்பது நான்தான்.

பின்பக்க கேட்

படங்களைச் சுருட்டி எடுத்துப் போக, கேம்ப் ரோட்டில் ஒரு ஹார்டுவேர் கடையில் தடிமனான பி.வி.சி. பைப் வாங்கி, இரண்டு பக்கமும் மூடி போட்டு வைத்திருக்கிறேன். ஸ்கூட்டரோடு சேர்த்துக் கயிற்றால் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். மேடவாக்கம் கிளைக்கு முதல்நாள் போனபோது நேரமாகிவிட்டது. ஜங்ஷன் நெரிசலில் ஒரு தண்ணி லாரியின் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து, ஹாரன் அடித்து, அந்த டிரைவரை மனசுக்குள் வேண்டிய மட்டும் திட்டிக்கொண்டே வந்தேன். கடைசியில் பார்த்தால் அந்த லாரியும் இந்தப் பள்ளிக்குத்தான் வந்திருக்கிறது.

வாட்ச்மேன் லாரியை உள்ளே விட்டார். என்னைக் கை நீட்டி நிறுத்தினார். பைப்பைப் பார்த்தார், என் வியர்த்த முகத்தைப் பார்த்தார். "டீச்சர்ங்க, கிளாஸுக்கு நேரமாச்சு" என்றேன். என் புடவையோ கைப்பையோ அவரை அசைக்கவில்லை. பைப்போடு வந்தவள் பைப் வேலைக்குத்தான் வந்திருக்கிறாள் என்பதில் அவருக்குத் துளியும் சந்தேகமில்லை. "காலீலேர்ந்து ஒரு சொட்டு தண்ணி ஏறல, பசங்கல்லாம் பேஜாராயி நிக்குதுங்க, நீ இன்னான்னா டீச்சர்ன்ற! மோட்டார் பின்னாடி கீதுக்கா, அப்டியே சுத்திகினு வா!"

பளிச்

பள்ளியில் ஸ்மார்ட் போர்டு இருக்கிறது. அதில் ஏ, பி, சி பாட்டு ஓடும், கணக்கு ஓடும், என் படத்தைப் போட்டால் மட்டும் நடுவில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால் படங்களைப் பெரிதாக ஃப்ளெக்ஸில் அடித்துக்கொள்வேன். தாம்பரம் மார்க்கெட் பக்கத்தில் காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, கடைத் திறப்பு மூன்றுக்கும் பேனர் அடிக்கிற கடை. சித்தன்னவாசல் குகையின் கூரையில் இருக்கிற தாமரைக் குளத்து ஓவியத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். ஆயிரம் வருடத்துக்கு மேல் வெயிலையும் ஈரத்தையும் ஆட்களையும் தாங்கிய ஓவியம். அங்கங்கே பெயர்ந்திருக்கும், மங்கியிருக்கும். அந்தப் பெயர்ந்த இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று பிள்ளைகளைக் கேட்கத்தான் நான் இரண்டு நாளாக யோசித்து வைத்திருந்தேன்.

போய்ப் பிரித்துப் பார்த்தால், மங்கின பச்சை கிளிப்பச்சையாகியிருந்தது. பெயர்ந்த இடமே இல்லை. ஒரே தாமரையைப் பிரதி எடுத்துப் பிரதி எடுத்து ஓட்டையெல்லாம் நிரப்பியிருந்தார்கள். நான் கத்தக் கத்த, கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர் உண்மையிலேயே மனம் நொந்துபோய்விட்டார். "இன்னா மேடம் கோச்சிக்கிறீங்க, நீங்க குட்த்த ஃபோட்டோ ஃபுல்லா டேமேஜா கீதேன்னு நானே குந்திகினு க்ளீன் பண்ணேன், அதுக்கு எக்ஸ்ட்ராகூட கேக்கல."

ஓடுவதும் ஓடாததும்

என் பீரியட் வெள்ளிக்கிழமை மதியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வியாழக்கிழமை சாயங்காலமே கணக்கு மிஸ் என்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்துவிடுவார். மற்ற நாட்களில் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. போர்ஷன் முடியவில்லை, டெஸ்ட் வருகிறது, இந்த ஒரு தடவை மட்டும் என்பார். போன தடவையும் இந்த ஒரு தடவை மட்டும்தான். நான் முடிச்சூர் வழியாக வெளிவட்டச் சாலையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்து, பைப்பைத் தோளில் சாய்த்தபடி வராந்தாவில் நிற்பேன். உள்ளே என் பீரியடில் பின்னங்களைக் கூட்டிக்கொண்டிருப்பார்கள். ஒருநாள் பொறுக்க மாட்டாமல், "டேர்ம் முடியறதுக்குள்ள எனக்கும் எதையாவது காட்டியாகணும் மிஸ், என் பீரியட் இருக்குமா போகுமான்னே தெரியல" என்றேன். அவர் என் தோளைத் தட்டிக்கொடுத்துச் சொன்னார்: "உங்க படம் எங்கயும் ஓடிடாது மிஸ், சுருட்டித்தான வெச்சிருக்கீங்க. ஃப்ராக்‌ஷன்ஸ் ரெண்டு நாள் விட்டா ஓடிடும்."

தண்ணீரில் இறங்கியவர்

தாம்பரம் கிளையில் நான்காம் வகுப்பு 'பி' பிரிவு. வகுப்பு ஆசிரியை ஜெயந்தி மிஸ். என்னைவிட வயதில் கொஞ்சம் மூத்தவர், பெருங்களத்தூரிலிருந்து ரயிலில் வருகிறவர். நான் வந்தால் நாற்காலியைக் கடைசி பெஞ்சுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு பேப்பர் திருத்துவார். அங்கேதான் தாமரைக் குளத்தை முதலில் மாட்டினேன். பேனர் கடையில் நான் பக்கத்திலேயே உட்கார்ந்து இரண்டாவது தடவை அடித்து வாங்கிய, பெயர்ந்த இடங்களெல்லாம் பத்திரமாக இருக்கிற குளம்.

"என்ன தெரியுது?" என்றேன். கேள்வி கேட்டால் விடை புத்தகத்தில் இருக்க வேண்டும். புத்தகம் இல்லாத கேள்விக்கு என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. இது பரீட்சைக்கு வருமா என்று ஒரு குரல். எப்ப மிஸ் வரைவோம் என்று இன்னொரு குரல். நானே சொல்லித் தொலைத்துவிடலாம் போலிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு ஒருவன் மீனைக் கண்டுபிடித்தான். இன்னொருத்தி எருமையை. பீர்க்கன்கரணை ஏரிப் பக்கத்தில் வீடு இருக்கிற ஒரு பெண், தண்ணீரில் ஆகாயத்தாமரை இல்லை என்று குற்றம் கண்டுபிடித்தாள். அப்புறம் நிறுத்த முடியவில்லை. யானை இலையைச் சாப்பிடுகிறதா, பூவைச் சாப்பிடுகிறதா என்று இரண்டு கட்சி. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மணி அடித்ததுகூடக் காதில் விழவில்லை. படத்தை நான் சுருட்டும்போது, குளத்தில் இறங்கிப் பூப்பறிக்கிற ஆளையே அதுவரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் மெதுவாக வந்து கேட்டாள்: "இந்த அண்ணா டிரெஸ்ஸெல்லாம் நனைச்சுக்கிட்டு நிக்கறாரே மிஸ், இவர் வீட்டுக்குப் போனா திட்ட மாட்டாங்களா?"

பிறந்தநாள்

மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தை எல்லோரும் சுற்றுலாவில் பார்த்திருப்பீர்கள். பூனை தவம் செய்யும், மான் காலால் மூக்கைச் சொறியும், மேலே தேவர்களும் தேவியரும் பறந்து வருவார்கள். அதைப் பெரிதாக அடித்து, ஒரு வாரம் முன்னதாகவே பிரைமரி இன்சார்ஜ் மேடத்தின் அறையில் வைத்துவிட்டுப் போனேன். அனுமதி வாங்க வேண்டும் என்பது விதி. அனுமதி கிடைத்தது. ஆனால் பறக்கிற தேவியரின் மேலுடம்பில் துணி இல்லாததை மேடம் கவனித்திருக்கிறார். பெற்றோர் யாராவது புகார் சொன்னால் யார் பதில் சொல்வது? பச்சை மார்க்கர் பேனாவால் தேவியர் அத்தனை பேருக்கும் அழகாக ஜாக்கெட் போட்டுவிட்டார். கைக்குக் கரைகூட வைத்திருந்தார்.

வகுப்பில் மாட்டின பிறகுதான் எனக்கே தெரிந்தது. சாம்பல் நிறப் பாறையில் பச்சை ஜாக்கெட்டுகள். பூனையையும் மானையும் யானையையும் ஒருவரும் சீந்தவில்லை. மேடம் எதை மறைத்தாரோ அந்த இடத்தையே முப்பது நாற்பது கண்கள் பார்த்துக்கொண்டிருந்தன. நான் அவசரமாகப் பூனையைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். பள்ளியில் பிறந்தநாள் அன்று மட்டும் யூனிஃபார்ம் போடாமல் கலர் டிரெஸ் போடலாம் என்பது உங்களுக்குத் தெரியும். முன் பெஞ்சுப் பையன் எழுந்து நின்றான்: "மிஸ், இன்னிக்கு இவங்களுக்கு மட்டும் பர்த்டேவா?"

பார்க்க ஒன்றுமில்லாத சுவர்

பெற்றோர் சந்திப்பு நாளில் எனக்கு மேஜை கொடுப்பதில்லை. லிஃப்ட் பக்கத்தில் நின்றுகொள்வேன். வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: அவுட்புட் எங்கே? டிராயிங் மிஸ் சுவர் நிறைய மயிலும் மலையும் ஒட்டி வைத்திருக்கிறார். கிராஃப்ட் மிஸ் ஐஸ் குச்சியில் வீடு கட்டி வைத்திருக்கிறார். என் பிள்ளைகள் பார்த்தார்கள், பேசினார்கள். அதை எந்தச் சுவரில் ஒட்டுவது?

மேடவாக்கத்தில் ஓர் அப்பா, கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையோடு, நேரே என்னிடம் வந்தார். பாராட்டப் போகிறார் என்று ஒரு கணம் நம்பிவிட்டேன். அவருடைய பெண் எங்கே போனாலும் எதையாவது நின்று பார்க்க ஆரம்பித்துவிடுகிறாளாம். கோயிலில் தூணைப் பார்த்தபடி நின்று வரிசையை மறிக்கிறாளாம். கல்யாண மண்டபத்தில் கூரையைப் பார்த்துக்கொண்டே போய்ப் பந்தி பரிமாறுகிறவர்மேல் மோதியிருக்கிறாள். எனக்கு உள்ளுக்குள் ஆனந்தம் பொங்கியது. அவர் முகத்தில் ஆனந்தம் இல்லை. "அதையெல்லாம் விடுங்க மேடம். லோன் போட்டு ஹால் ஃபுல்லா இன்டீரியர் பண்ணியிருக்கோம். நேத்து சோஃபால உக்காந்து சுத்திமுத்திப் பாத்துட்டு, 'இங்க பாக்க ஒண்ணுமே இல்லப்பா'ங்கறா."

திருப்பிக் காட்டுங்க

திருமுடிவாக்கம் கிளைப் பிள்ளைகள் பாதிப் பேர் வீட்டில் யாராவது ஒருவர் லேத்திலோ வெல்டிங்கிலோ பிரஸ்ஸிலோ இருப்பார்கள். வகுப்பு ஜன்னலைத் திறந்தால் தொழிற்பேட்டைப் பக்கமிருந்து இரும்பு அறுக்கிற சத்தம் வரும். அங்கே நடராஜர் செப்புச் சிலையின் படத்தை மாட்டினேன். தாண்டவம், திருவாசி, காலடியில் முயலகன் என்று நான் தயாராக வந்திருந்தேன். அப்பாவின் ஃபேப்ரிகேஷன் யூனிட்டுக்கு லீவு நாளில் போய் உட்காருகிற அனீஸா என்ற மூன்றாம் வகுப்புப் பெண் கையைத் தூக்கினாள். சுற்றி இருக்கிற நெருப்பு வளையம் தனியாகச் செய்து பொருத்தியதா, ஒன்றாகவே வந்ததா? ஜாயிண்ட் எங்கே?

எனக்குப் பதில் தெரியவில்லை. பின்பக்கம் பார்த்தால் தெரிந்திருக்கும் என்று தோன்றியது. அதைச் சொல்லித் தொலைத்தேன். உடனே மொத்த வகுப்பும் எழுந்து ஃப்ளெக்ஸின் பின்னால் ஓடியது. வெள்ளையாக, வெறுமையாக இருந்தது. கம்பெனிக்காரன் முத்திரை மட்டும் சாய்வாக அச்சாகியிருந்தது. எத்தனை வருடமாக எல்லாச் சிலைகளையும் முன்பக்கத்து ஃபோட்டோவிலேயே படித்துப் பட்டம் வாங்கியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. அந்த வாரம் முழுக்க அது என்னை அரித்தது. அனீஸாவுக்கு என்மேல் கோபம் இல்லை, வருத்தம்தான். "பின்னாடி காட்டலன்னா எங்க அத்தா எந்தப் பொருளையும் வாங்கவே மாட்டாரு மிஸ்."

விடைகள்

டிசம்பர் நெருங்கியது. கரஸ்பாண்டென்ட் சார் தாம்பரம் நான்காம் வகுப்பு 'பி'க்குத்தான் வருவார் என்று தகவல் வந்தது. அவர் வருவதற்கு முந்தின வாரம், அன்றைக்கு எதை எப்படிக் கேட்கலாம் என்று ஒத்திகை பார்க்க, அதே தாமரைக் குளத்தை மறுபடி எடுத்துக்கொண்டு போனேன். மாட்டி முடிப்பதற்குள் வகுப்பு எழுந்து நின்றது. நான் "என்ன தெரியுது?" என்றதும் ஒரே குரலில் வந்தது: "இப்படத்தில் ஓர் அழகிய குளத்தைக் காண்கிறேன். குளத்தில் தாமரை மலர்கள் பூத்துக் குலுங்குகின்றன. யானையும் மீனும் மகிழ்ச்சியாக வாழ்கின்றன. இப்படம் என் மனத்திற்கு அமைதியைத் தருகிறது. கலைகளைப் போற்றுவோம்!" முடித்துவிட்டு டக்கென்று உட்கார்ந்தார்கள்.

ஜெயந்தி மிஸ் பின்னால் பெருமையோடு நின்றுகொண்டிருந்தார். அவருடைய வேலைதான். போர்டில் கேள்வி-விடையாக எழுதிப்போட்டு, தினமும் பிரேயர் முடிந்ததும் சொல்லவைத்திருக்கிறார். மீனைக் கண்டுபிடித்தவன், எருமையைக் கண்டுபிடித்தவள், நனைந்த துணிக்காகக் கவலைப்பட்டவள் எல்லோரும் அந்த ஐந்து வரிக்குள் காணாமல் போயிருந்தார்கள். எருமை விடையிலேயே இல்லை என்பதால் அது படத்திலும் இல்லாமல் போய்விட்டது. அது எங்கே என்று கேட்டால் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

எனக்கு ஆத்திரம் கண்ணை மறைத்தது. பிள்ளைகள் முன்னாலேயே போர்டை அழித்தேன். வராந்தாவுக்கு வந்து ஜெயந்தி மிஸ்ஸிடம் சண்டை போட்டேன். பார்க்கிறதுக்குக்கூட மனப்பாடமா என்றேன், நீங்கள் இதுவரை ஒரு படத்தையாவது நிமிர்ந்து பார்த்திருக்கிறீர்களா என்றேன், இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவர் திருத்திய பேப்பர் கட்டை மார்போடு அணைத்தபடி கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "சார் வந்து கேக்கறப்போ பசங்க பேந்தப் பேந்த முழிச்சா என் வேலை போகாது மிஸ், உங்களுதுதான் போகும். அதுக்காகத்தான் ராத்திரி சமைச்சு முடிச்சிட்டு உக்காந்து அந்த அஞ்சு வரி எழுதினேன்."

மன அமைதி

அன்று இரவு நான் ஒரு முடிவுக்கு வந்தேன். தாமரைக் குளத்தை வீட்டிலேயே வைத்துவிட்டேன். அவர்கள் பார்த்தே இராத ஒரு படத்தைப் பைப்பில் போட்டுக்கொண்டேன். ராஜஸ்தான் பக்கத்துப் பழைய ஓவியம். இரண்டு யானைகள் தந்தத்தோடு தந்தம் மோதிக்கொள்ளும் சண்டை. ஒரு பாகன் கீழே விழுந்து கிடக்கிறான், யானைகளின் மேல் அங்குசத்தோடு இருப்பவர்களில் ஒருவனுடைய தலைப்பாகை பறக்கிறது, நாலு பேர் தீப்பந்தத்தோடு ஓடிவருகிறார்கள். புதுப் படத்தை மாட்டினால் மனப்பாடம் உதவாது, பார்த்துத்தானே ஆக வேண்டும் என்பது என் கணக்கு. ஜெயந்தி மிஸ்ஸிடம் சொல்லவில்லை. சொன்னால் விடிவதற்குள் அதற்கும் ஐந்து வரி எழுதிவிடுவார்.

அடுத்த வாரம் கரஸ்பாண்டென்ட் சார் வந்தார். நாற்காலி போட்டு, பக்கத்தில் டீயும் பிஸ்கட்டும் வைத்தார்கள். படத்துக்குப் பக்கவாட்டில், பிள்ளைகளின் முகம் தெரிகிற மாதிரி உட்கார்ந்துகொண்டார். நான் படத்தைப் பிரித்தேன். கடைசி பெஞ்சுப் பக்கம் ஜெயந்தி மிஸ் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். "என்ன தெரியுது?" என்றேன். வகுப்பு எழுந்து நின்றது. "இப்படத்தில் ஓர் அழகிய குளத்தைக் காண்கிறேன்!" யானைகள் ஒன்றையொன்று குத்திக்கொண்டிருந்தன. "தாமரை மலர்கள் பூத்துக் குலுங்குகின்றன!" பாகன் மண்ணில் கிடந்தான். "இப்படம் என் மனத்திற்கு அமைதியைத் தருகிறது! கலைகளைப் போற்றுவோம்!" சார் பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினார். அவர் படத்தின் பக்கம் திரும்பவே இல்லை. பிள்ளைகளும் திரும்பவில்லை. அந்த அறையில் அந்தச் சண்டையைப் பார்த்தது நானும் ஜெயந்தி மிஸ்ஸும்தான். அவரும் பயத்தில் பார்த்ததுதான்.

அங்கேயே நான் வாயை மூடிக்கொண்டு வணக்கம் சொல்லியிருக்க வேண்டும். பீரியட் கைக்கு வந்துவிட்டது என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. வால்பேப்பர் கடை ஒரு தரம் கண்முன் வந்துபோனது. ஆனாலும் அந்தப் பிள்ளைகள் விழுந்து கிடக்கிற மனிதனுக்கு முன்னால் மன அமைதி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்ததை என்னால் சகித்துக்கொள்ள முடியவில்லை. "சரி, சொல்லியாச்சு. இப்போ தலையைத் தூக்கிப் படத்தைப் பாருங்க" என்றேன்.

பார்த்தார்கள். ஒருவன் "ஐயையோ" என்றான். அப்புறம் பெஞ்சு இழுபடும் சத்தம். கறுப்பு யானை பின்வாங்குகிறது, காலைப் பாருங்கள் என்று ஒரு கூட்டம். இல்லை, பாய்வதற்காகத்தான் காலைப் பின்னால் வைத்திருக்கிறது என்று இன்னொரு கூட்டம். இரண்டு பையன்கள் கையைத் தும்பிக்கையாக்கி முட்டிக் காட்டினார்கள். விழுந்தவன் செத்துவிட்டானா என்று ஒருத்தி என் புடவையைப் பிடித்து உலுக்கினாள். மற்றொரு பெண் பெஞ்சு மேலேயே ஏறி நின்று, "யானைங்களுக்குச் சண்டையே வேணாம் மிஸ், மேல உக்காந்திருக்கறவங்கதான் குத்திக் குத்தி விடறாங்க" என்று கத்தினாள். நான் இந்த வேலைக்கு எதற்காக வந்தேனோ அது அன்றைக்கு நடந்தது. என் கண் நிறைந்துவிட்டது. துடைத்துவிட்டுத் திரும்பினால் நாற்காலி காலி. டீ அப்படியே இருந்தது.

பிறகு அறைக்குக் கூப்பிட்டார். கோபமே இல்லை. "முதல் பாதி எக்ஸலன்ட் மிஸ். என்ன ஒரு ஃப்ளூயன்ஸி! பீரியட் கன்டினியூ ஆகட்டும், ரோபோடிக்ஸ்காரங்கள அப்புறம் பாத்துக்கலாம். பின்பாதிதான் கன்ட்ரோல் போயிடுச்சு. அடுத்த டேர்ம்லேர்ந்து அந்தப் பின்பாதி வேணாம், என்ன?" சரி சார் என்றேன். வெளியே வந்தபோது சந்தோஷப்படுவதா, பைப்பைத் தூக்கி ஜி.எஸ்.டி. ரோட்டில் எறிவதா என்று தெரியாமல் உடம்பெல்லாம் கொதித்தது. வகுப்பில் இன்டர்வெல். பிள்ளைகள் வெளியே ஓடியிருந்தார்கள். போய்ப் படத்தைக் கழற்றிச் சுருட்ட ஆரம்பித்தேன். கறுப்பு யானை பாதி சுருளுக்குள் போயிருக்கும், ஃப்ளெக்ஸ் நகரவில்லை. மறுமுனையை ஜெயந்தி மிஸ் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, விழுந்து கிடந்த பாகனுக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோனார். "கொஞ்சம் இருங்க மிஸ், சுருட்டாதீங்க. நான் இன்னும் பாக்கவே இல்ல."

ஆக, அடுத்த டேர்மிலும் எனக்குப் பீரியட் உண்டு. படம் பார்ப்பதை மட்டும் இன்டர்வெல்லில் வைத்துக்கொள்ள வேண்டும்.